இரண்டு மில்லிமீட்டர் அவகாசம்

தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்து வருவதை அறியாதவர்கள் மிகச் சிலரே. ஆனால் இம்மூன்று பேட்டைகளுக்கும் வடக்கே கூப்பிடு தூரத்தில் கிடக்கும் குர்லாவில், 1937-இல் இத்தாலி தேசத்தில் உருவான ஓர் எஞ்சின், அதைப் பெற்ற நாடே அதனை மறந்துவிட்ட பிறகும் பல்லாண்டுகள் வார்க்கப்பட்டும் கடையப்பட்டும் வந்து, பம்பாய் நகரத்தின் கறுப்பு மஞ்சள் டாக்ஸிகளில் பெரும்பாலானவற்றை ஓட்டிற்று என்ற விஷயத்தை எண்ணிப் பார்த்தவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள்.

ஃபியட் கம்பெனியின் பொறியாளர் தாந்தே ஜியகோசா உருவாக்கிய அந்த எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள் உண்டு. ஒவ்வொன்றின் விட்டமும் 68 மில்லிமீட்டர். அதனுள் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 75 மில்லிமீட்டர். நான்கையும் கூட்டினால் 1089 கன சென்டிமீட்டர். வால்சந்த் ஹிராசந்த் 1944-இல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம், சுதந்திரத்துக்குப் பின் ஃபியட்டுடன் உடன்பாடு செய்துகொண்டு குர்லாவில் கட்டிய கார்களில், முதலில் 1100 என்றும் பிறகு டிலைட் என்றும் 1974 முதல் பத்மினி என்றும் பெயர் மாறிக்கொண்டே வந்ததேயன்றி, பெட்ரோல் எஞ்சினின் 68-க்கு 75 என்ற அந்தக் கணக்கு மட்டும் மாறவே இல்லை. 2003-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் பதிவு பெற்ற கடைசிப் பத்மினி டாக்ஸி, சட்டம் அனுமதித்த இருபது வருஷ ஆயுள் தீர்ந்து, 2023 அக்டோபர் 30-ஆம் தேதியோடு தெருவை விட்டு விலகிற்று. வாலிபத்தில் நாற்பது குதிரைச் சக்தி மட்டுமே உடையதாயிருந்த இந்த எளிய யந்திரத்தை முன்னிட்டு நாம் ஆராயப் புகுவது, பிஸ்டனின் உச்சியில் வெட்டப்படும் அரைவட்டப் பள்ளங்களின் தத்துவத்தை.

பந்தய எஞ்சின் ஒன்றின் பிஸ்டனையோ, புதுக் கார் ஒன்றின் பிஸ்டனையோ கையில் எடுத்துப் பார்த்தவர்கள், அதன் தட்டையான தலைப்பரப்பில் நகத்தால் கீறி எடுத்தாற் போன்று இரண்டு அல்லது நான்கு குழிவுகள் இருப்பதைக் கண்டிருப்பார்கள். அவை அலங்காரத்துக்காகவோ எடையைக் குறைப்பதற்காகவோ இட்டவை அல்ல. சிலிண்டரின் மேல்மூடியாகிய ஹெட்டிலிருந்து கீழ்நோக்கித் திறக்கும் வால்வுகள், கீழிருந்து மேல்நோக்கி வரும் பிஸ்டனோடு மோதிவிடாதபடி ஒதுங்குவதற்கென்று விடப்பட்ட இடம் அது. இவ்வளவு சொன்னால் விஷயம் முடிந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம், எந்த நிமிஷத்தில் மோதல் நேரக்கூடும், அந்த இடத்தைப் பெறுவதற்கு எதை விலையாகக் கொடுக்கிறோம் என்று கேட்கத் தொடங்கினால், எஞ்சினின் சூக்ஷ்மங்கள் ஒவ்வொன்றாக இந்தச் சிறு பள்ளத்தின் வழியாகவே வெளிப்படுகின்றன.

பரேலிலும் தாராவியிலும் மில் தொழிலாளர் நிறைந்திருந்த நாட்களில், ஒரே அறையை இரண்டு ஷிஃப்டுக்காரர்கள் வாடகைக்கு எடுத்துக்கொண்டு, ஒருவன் வேலைக்குப் போனதும் மற்றவன் வந்து அதே பாயில் படுப்பது வழக்கமாயிருந்தது. பிஸ்டனும் வால்வும் சிலிண்டரின் உச்சிப் பகுதியை அப்படித்தான் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒன்று அங்கே இருக்கும்போது மற்றது இராது. இந்த ஏற்பாடு முழுவதும் காலத்தைப் பற்றியதே அன்றி இடத்தைப் பற்றியது அன்று. பட்டறையில் பிஸ்டனில் பள்ளம் வெட்டுகிறவன் இடத்தை அளப்பதாக எண்ணிக்கொண்டிருந்தாலும், உண்மையில் அவன் அளப்பது ஒரு வினாடியின் மிகச் சிறிய பின்னங்களைத்தான்.

அந்தப் பின்னங்கள் எத்தன்மையன என்று பார்ப்போம். கிராங்க் தண்டு நிமிஷத்துக்கு 5000 சுற்று சுற்றுகிறது என்று கொண்டால், ஒவ்வொரு வால்வும் நிமிஷத்துக்கு 2500 தடவை, அதாவது வினாடிக்கு நாற்பது தடவைக்கு மேல், திறந்து மூடுகிறது. பிஸ்டன் சராசரி வினாடிக்குப் பன்னிரண்டரை மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஆனால் மேல் உச்சியை அடைந்து திரும்பும் கணத்தில் அது ஏறக்குறைய நின்றுவிடுகிறது. கிராங்க் தண்டு உச்சியைத் தாண்டிப் பத்து டிகிரி திரும்பியும் பிஸ்டன் கீழே இறங்கியிருப்பது முக்கால் மில்லிமீட்டர் அளவுதான். இருபது டிகிரி திரும்பினால்தான் அது மூன்று மில்லிமீட்டரை நெருங்குகிறது. பத்து டிகிரி என்பது இந்த வேகத்தில் ஒரு வினாடியில் மூவாயிரத்தில் ஒரு பங்கு. இத்தனை குறுகிய காலத்தில் திசை மாறுவதற்காகப் பிஸ்டன் அனுபவிக்கும் முடுக்கம், பூமியின் ஈர்ப்பைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேலானது.

பிஸ்டன் உச்சியில் சோம்பி நிற்கும் அந்தச் சில டிகிரிகளில்தான் இரண்டு வால்வுகளும் ஒரே சமயத்தில் சற்றே திறந்திருக்கின்றன. எரிந்த புகை வெளியேறும் வழியாகிய எக்ஸாஸ்ட் வால்வு மூடி முடிவதற்கு முன்பே, புதுக் கலவை வரும் வழியாகிய இன்லெட் வால்வைத் திறந்துவிட்டால், வெளியேறும் புகை தன் வேகத்தால் புதுக் கலவையை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பது நெடுநாளைய அனுபவ ஞானம். சாதாரணக் காரில் இன்லெட் வால்வு உச்சிக்குப் பத்து முதல் இருபது டிகிரி முன்னதாகத் திறக்கும். எக்ஸாஸ்ட் வால்வு அதே அளவு பின்னதாக மூடும். பந்தயக் காரில் இந்த எண்கள் இரட்டிக்கும், அதற்கு மேலும் போகும். ஆகையால் பிஸ்டன் உச்சியில் இருக்கும் கணத்தில் சாதாரண எஞ்சினின் வால்வு ஒரு மில்லிமீட்டர் அளவே கீழே தலைநீட்டியிருக்க, பந்தய எஞ்சினின் வால்வு மூன்று நான்கு மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும். பள்ளம் தேவைப்படுவது இங்கேதான்.

இவ்விடத்தில் அனுபவமில்லாதவர் பலரும் ஒரு பிழையான எண்ணம் கொள்கிறார்கள். வால்வு முழுவதும் திறந்த நிலையில் எட்டு ஒன்பது மில்லிமீட்டர் கீழே வருகிறதே, அப்போதல்லவா மோதும் என்று அஞ்சுகிறார்கள். இன்லெட் வால்வு முழுமையாகத் திறப்பது உச்சியைக் கடந்து ஏறக்குறைய நூற்றுப் பத்து டிகிரியில். அப்போது நம் 75 மில்லிமீட்டர் எஞ்சினின் பிஸ்டன் ஐம்பது மில்லிமீட்டருக்கு மேல் கீழே போயிருக்கும். அபாயம் சரியாக உச்சியிலும் இல்லை. எக்ஸாஸ்ட் வால்வைப் பொறுத்தவரை உச்சிக்குச் சுமார் பத்து டிகிரி முன்பும், இன்லெட் வால்வைப் பொறுத்தவரை உச்சிக்குச் சுமார் பத்து டிகிரி பின்பும், இரண்டு உலோகங்களும் ஒன்றையொன்று மிக நெருங்குகின்றன. முன்னதில் மூடிக்கொண்டே மேலே போகும் வால்வைப் பிஸ்டன் பின்னாலிருந்து துரத்துகிறது. பின்னதில் இறங்கிப் போகும் பிஸ்டனை வால்வு துரத்துகிறது.

இரண்டு துரத்தல்களும் ஒரே மாதிரியானவை அல்ல. இன்லெட் வால்வைக் கேம் தண்டு தன் மேட்டினால் அழுத்தித் திறக்கிறது. உலோகத்தை உலோகம் தள்ளுவதால் அங்கே தாமதத்துக்கு இடமில்லை. எக்ஸாஸ்ட் வால்வை மேலே இழுத்து மூடுவதோ ஒரு சுருள் ஸ்பிரிங் மட்டுமே. வேகம் எல்லை கடந்தால் ஸ்பிரிங்கின் பலம் போதாமல் வால்வு பின்தங்கிவிடும், பிஸ்டன் பின்தங்காது. ஆகவே பட்டறை மரபில், இரும்புக் கனெக்டிங் ராடு பூட்டிய எஞ்சினுக்கு இன்லெட் பக்கம் இரண்டு மில்லிமீட்டரும் எக்ஸாஸ்ட் பக்கம் இரண்டரை மில்லிமீட்டரும் குறைந்தபட்ச இடைவெளி என்று வைத்திருக்கிறார்கள். இந்த இரண்டு மில்லிமீட்டர் தாராளமாகத் தோன்றலாம். அதைத் தின்பதற்குக் காத்திருப்பவற்றைக் கணக்கிட்டால் அப்படித் தோன்றாது. சூடேறிய பிஸ்டன் தன் உயரத்தில் 0.2 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வளர்கிறது. எக்ஸாஸ்ட் வால்வின் தண்டு அதனினும் உஷ்ணமேறி நீள்கிறது. அதிவேகத்தில் கனெக்டிங் ராடு இழுபட்டு நீள்கிறது. பேரிங்குகளில் எண்ணெய்க்கென விட்ட இடம் ஒரு பக்கமாக ஒதுங்குகிறது. கேம் சங்கிலி குலுங்குகிறது. எல்லாம் ஒரே கணத்தில் ஒரே திசையில் சேர்ந்தால் மிஞ்சுவது கொஞ்சம்தான்.

கம்பெனியிலிருந்து வெளிவந்த நாளில் எஞ்சினுக்கு இந்த அவகாசம் போதுமான அளவு இருந்திருக்கும். பிறகு அது குறைவது எவ்வாறு? பத்மினி டாக்ஸியின் ஜாதகத்தைப் பார்த்தாலே விளங்கும். மே மாதத்து வெயிலில் சயான் சந்திப்பில் அரைமணி நேரம் நகராமல் நின்ற வண்டியின் ரேடியேட்டர் கொதித்து, ஹெட் வளைந்து, கேஸ்கெட் ஊதிவிடுகிறது. ஹெட்டை இறக்கிப் பட்டறைக்குக் கொண்டு போனால், ஃபேசிங் பண்ணி அடிப்பரப்பைச் சமமாக்கித் தருகிறார்கள். அதில் கால் மில்லிமீட்டர் போகிறது. அடுத்த கோடையில் இன்னொரு கால். ஹெட்டிலிருந்து எவ்வளவு சுரண்டினோமோ அவ்வளவுக்கு வால்வு பிஸ்டனை நெருங்கி வருகிறது. கேஸ்கெட் வாங்கப் போன இடத்தில் அசல் கிடைக்காமல் சற்று மெல்லியதாக ஒன்று கிடைத்தால் அதிலும் ஒரு கால். சிலிண்டர் தேய்ந்து போர் அடித்து, டென், ட்வென்டி, தர்ட்டி, ஃபார்ட்டி என்று பெரிய சைஸ் பிஸ்டன்களைப் போட்டுக்கொண்டே வரும்போது, கனெக்டிங் ராடோடு பிஸ்டனைப் பூட்டும் பின்னிலிருந்து உச்சி வரையுள்ள உயரம் ஒரு நூலளவு கூடிய நகல் பிஸ்டன் வந்து சேர்ந்தால் அதுவும் அந்தக் கணக்கில்தான் விழும்.

சில தேய்மானங்கள் எதிர்த்திசையில் வேலை செய்கின்றன என்பது இந்த விஷயத்தின் சுவாரஸ்யம். வால்வு உட்காரும் சீட்டைக் கடைந்து புதுப்பிக்கும்போதெல்லாம் வால்வு ஹெட்டுக்குள் சற்று மேலேறிப் புதைவதால் இடைவெளி கூடுகிறது. டாக்ஸிகள் பெட்ரோலை விட்டு இயற்கை வாயுவுக்கு மாறிய பிறகு, ஈரப்பசையற்ற அந்த எரிபொருளில் சீட்டுகள் வேகமாகத் தேய்ந்ததனால் இது தானாகவே நடந்தது. டைமிங் சங்கிலி தேய்ந்து நீண்டால் கேம் தண்டு பின்தங்கும். அதனால் இன்லெட் வால்வு தாமதமாகத் திறந்து பிஸ்டனுக்கு வழிவிடும், எக்ஸாஸ்ட் வால்வோ தாமதமாக மூடிப் பிஸ்டனின் வழியில் நிற்கும். ஒரே தேய்மானம் ஒரு வால்வுக்கு நண்பனாகவும் மற்றொன்றுக்குப் பகைவனாகவும் இருப்பதைக் கவனியாமல், இரண்டுக்கும் ஒரே அளவு பள்ளம் போட்டுவிடுகிற மெக்கானிக்குகள் உண்டு.

அவகாசம் தீர்ந்துவிட்டால் நேர்வது என்ன? இலேசான தீண்டலாக இருந்தால், பிஸ்டனின் கரி படிந்த உச்சியில் பிறை வடிவமான பளபளப்புத் தழும்பு ஒன்று விழுந்திருக்கும். ஹெட்டைக் கழற்றியதும் கைதேர்ந்தவர்களின் கண் முதலில் தேடுவது அதைத்தான். தீண்டல் சற்றுப் பலமானால், தள்ளுதண்டு வைத்த எஞ்சினில் அத்தண்டு வளைந்து, தன்னைப் பலிகொடுத்து மற்றதைக் காப்பாற்றும். இல்லாவிடில் வால்வின் தண்டு இம்மியளவு வளைந்து, சீட்டில் முழுமையாக உட்காராமல், அந்தச் சிலிண்டரின் அழுத்தம் கசிந்துபோகும். மிகக் கொடியது வால்வின் தலை ஒடிந்து சிலிண்டருக்குள் விழுவது. அடுத்த சில சுற்றுகளுக்குள் பிஸ்டனும் ஹெட்டும் பழைய இரும்புக்குப் போக வேண்டியவையாகிவிடும். ஸ்டியரிங்கின் அருகிலேயே கியர் போடும் பழைய பத்மினியில், மேல் கியரிலிருந்து மூன்றாவதுக்கு இறக்க நினைத்துக் கைதவறி அதற்கும் கீழான கியரில் போட்டுவிட்டால், சக்கரங்களே எஞ்சினை அதன் எல்லைக்கு மேல் சுழற்றிவிடும். ஸ்பிரிங் பின்தங்குவதற்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் வேறில்லை.

ஆகவே பள்ளம் வெட்டுவதற்கு முன் அளக்க வேண்டும். பட்டறைக்காரர்கள் இதற்குக் கையாளும் உபாயம், பள்ளிப் பிள்ளைகள் பொம்மை செய்யும் பிளாஸ்டிசின் களி. மாட்டுங்காவில் பள்ளிக்கூடங்களை ஒட்டிய எந்த எழுதுபொருள் கடையிலும் அது கிடைக்கும், விலை சொற்பம், நுண்ணளவைக் கருவிகளில் நம்பிக்கை வைத்து இதை இகழ்பவர்களை நான் பொருட்படுத்துவதில்லை. அதைத் தட்டையாக்கி, வால்வுகள் வரக்கூடிய இடங்களில் பிஸ்டனின் உச்சிமேல் ஒட்டி, அதன் மேலும் வால்வின் முகத்திலும் துளி எண்ணெய் தடவி, பழைய கேஸ்கெட்டையே வைத்து ஹெட்டை முறைப்படி முறுக்கி, டேப்பட் இடைவெளியையும் சரிபார்த்துக்கொண்டு, ஸ்பானரால் கிராங்க் தண்டைக் கையாலேயே மெதுவாக இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுகிறார்கள். எங்கேனும் கை தடைப்பட்டால் உடனே நிறுத்திவிட வேண்டும்; பலவந்தம் செய்தால் அளக்க வந்தவனே வால்வை வளைத்தவனாவான். ஹெட்டைத் திரும்பவும் கழற்றினால், களியில் வால்வின் முழு உருவமும் அச்சாகப் பதிந்திருக்கும். பிளேடால் அதைக் குறுக்கே அறுத்து, மிக மெல்லிய இடத்தின் கனத்தை வெர்னியரால் அளந்தால், ஆழத்தின் கணக்குக் கிடைக்கிறது. பதிவின் விளிம்புக்கும் பிஸ்டனில் ஏற்கெனவே உள்ள குழியின் சுவருக்கும் நடுவேயுள்ள தூரத்தை அளந்தால் பக்கவாட்டின் கணக்கும் கிடைக்கிறது. அது சுற்றிலும் ஒன்றேகால் முதல் ஒன்றரை மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது விதி.

அதே மாட்டுங்காவில், 1887-இல் தோன்றி 1923-இல் இங்கே குடிபெயர்ந்த விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. இன்று வீரமாதா ஜீஜாபாய் பெயரில் வழங்கும் அந்த நிறுவனத்தில் படித்த எஞ்சினீயர் வேறு வழியில் போவார். கிராங்க் முனையில் பாகை குறித்த வட்டத் தகடு ஒன்றைப் பூட்டி, கனத்த ஸ்பிரிங்குகளுக்குப் பதிலாகப் பேனா ஸ்பிரிங்கை ஒத்த மெல்லியவற்றை மாட்டி, வால்வின் மேல் டயல் கேஜை நிறுத்தி, ஒவ்வொரு இரண்டு டிகிரிக்கும் வால்வை விரலால் அமுக்கிப் பிஸ்டனைத் தொடவைத்து எண்ணைக் குறித்துக்கொள்வார். களி ஓர் எண்ணை மட்டும் சொல்கிறது. இந்த முறை அந்த எண் எத்தனையாவது டிகிரியில் நேர்கிறது என்பதையும் சொல்கிறது. கேம் தண்டை இரண்டு டிகிரி முன்னோ பின்னோ நகர்த்தினால் என்ன ஆகும் என்பதை எஞ்சினை ஓட்டாமலே அறிய விரும்புகிறவனுக்கு இரண்டாவதே தக்கது.

இனி வெட்டுதல். இதற்கொரு பழைய தந்திரம் உண்டு. அதே அளவுத் தண்டுள்ள கழித்துப்போட்ட வால்வு ஒன்றை எடுத்து, அதன் தலை விளிம்பில் கார்பைடுத் துண்டுகளைப் பித்தளையால் பற்றவைத்து, தேவையான விட்டத்துக்குச் சாணை பிடித்து, அதையே வெட்டுக் கருவியாக்கிவிடுகிறார்கள். பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, வால்வு கைடின் வழியாக அந்தத் தண்டை விட்டு, ஹெட்டைப் பூட்டி, மேலிருந்து டிரில்லால் சுழற்றினால், வால்வு எங்கே எந்தச் சாய்வில் இறங்குமோ அங்கேயே அதே சாய்வில் பள்ளம் விழுகிறது. கோணம் கணிக்கும் வேலையே இல்லை. சீவல்கள் கீழே இறங்காதிருக்கப் பிஸ்டனைச் சுற்றிலும் கிரீஸை அப்பிவைக்கிறார்கள். எனக்கு இந்த முறையில் உடன்பாடு இல்லை. எத்தனை கிரீஸ் அப்பினாலும் ஓர் அலுமினியத் துணுக்கு ரிங் குழிக்குள் ஒளிந்துகொள்ளத்தான் செய்யும்.

மேலான வழி, கூர்முனையுள்ள கம்பியைக் கைடின் வழியாகத் தட்டி வால்வின் மையத்தைப் பிஸ்டனில் புள்ளியாகக் குறித்துக்கொண்டு, பிஸ்டனை வெளியே எடுத்து மில்லிங் யந்திரத்தில் வெட்டுவது. பின் துளையில் உருளைத் தண்டைச் செருகி அதை வி-பிளாக்குகளில் உட்காரவைத்தால் பிஸ்டன் நிமிர்ந்து நிற்கும். பிறகு வால்வின் சாய்வுக்கேற்ப முழுவதையும் சாய்த்துக்கொள்ளலாம். குளிர்விக்க மண்ணெண்ணெய் போதும்; அலுமினியம் கத்தியின் முனையில் ஒட்டாமல் சீவல் சுத்தமாக வருவதற்கு அதைவிட மலிவான வஸ்து இல்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: நான்கு சிலிண்டர் எஞ்சின்களில் வால்வுகள் பெரும்பாலும் எக்ஸாஸ்ட், இன்லெட், இன்லெட், எக்ஸாஸ்ட் என்று அடுத்தடுத்துக் கண்ணாடி பிம்பமாக அமைந்திருப்பதால், முதல் பிஸ்டனை வெட்டிய அமைப்பிலேயே இரண்டாவதையும் வெட்டினால் பள்ளம் இடம் மாறி விழும். இதற்கு அஞ்சியே சில கம்பெனிகள், எந்தச் சிலிண்டரில் எப்படிப் போட்டாலும் பொருந்தும்படி நான்கு பள்ளங்களைச் சமச்சீராக வார்த்துவிடுகின்றன.

பிஸ்டனின் உலோகம் தனி அலுமினியம் அன்று. நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு சிலிக்கன் கலந்த உலோகம் அது. அந்த விகிதத்தில் கலவை 577 டிகிரியில், தனி அலுமினியத்தின் 660-ஐ விடக் குறைந்த உஷ்ணத்தில், சட்டென்று உருகி அச்சின் மூலைமுடுக்கெல்லாம் ஓடிப் பாய்கிறது. ஆறிய பின்போ சூட்டில் குறைவாக விரிந்து, தேய்மானத்தையும் நன்கு தாங்குகிறது. 1949-இல் சென்னை செம்பியத்தில் தோன்றிய இந்தியா பிஸ்டன்ஸ் போன்ற தொழிற்சாலைகள் இந்தியாவிலேயே இதை வார்க்கத் தொடங்கிய பிறகுதான், கப்பலை எதிர்பார்த்து நிற்கும் நிலை மெல்ல நீங்கிற்று. தாராவியில், பதின்மூன்றாம் காம்பவுண்டு என்று வழங்கும் கழிவுப் பேட்டையிலும் அலுமினியம் உருகுகிறது. பழைய டப்பாக்களும் பாத்திரங்களும் பாளங்களாக மறுபிறவி எடுத்துச் செல்கின்றன. ஆனால் கலப்புக் கழிவில் சேர்ந்துவிடும் இரும்பு, சிலிக்கனோடும் அலுமினியத்தோடும் கூடி, எளிதில் முறியும் ஊசி போன்ற படிகங்களாக உறைந்துவிடும். பாத்திரத்தின் கைப்பிடிக்கு அதனால் தீங்கில்லை. பள்ளம் வெட்டி மெலிந்த பிஸ்டன் உச்சிக்கு அந்த ஊசிகளே விரிசலின் பாதைகளாகும்.

மெலிவின் எல்லை என்ன என்பதற்கும் வழக்கம் ஒன்று உண்டு. பள்ளத்தின் அடியில் குறைந்தது ஐந்து மில்லிமீட்டர் உலோகம் மிஞ்ச வேண்டும். பள்ளத்தின் வெளிப்புற மூலை முதல் ரிங் குழிக்கு மிக அருகில் போய்விடக் கூடாது. உச்சிக்குக் கிடைக்கும் வெப்பத்தில் பெரும்பகுதி ரிங்குகளின் வழியாகவே சிலிண்டர் சுவருக்கு வடிகிறது. அந்தப் பாதையைக் குறுக்கினால் பள்ளத்தின் ஓரம் கனன்று, ஸ்பார்க் பிளக் பொறி எழுப்புவதற்கு முன்பே கலவையைத் தானே பற்றவைத்துவிடும். வெட்டி முடிந்ததும் கூர்விளிம்புகள் யாவற்றையும் அரத்தாலும் எமரித்தாளாலும் மழுக்க வேண்டும் என்று வற்புறுத்துவது அழகுக்காக அன்று. கடைசியாகத் தராசு. ஒரு கன சென்டிமீட்டர் அலுமினியம் 2.7 கிராம், நான்கு பிஸ்டன்களிலும் எடுத்த உலோகம் ஒன்றுக்கொன்று ஓரிரு கிராமுக்கு மேல் வேறுபட்டால், கிராங்க் தண்டு அந்த வேறுபாட்டை அதிர்வாக ஸ்டியரிங் பிடித்தவனுக்கு அறிவித்துக்கொண்டே இருக்கும்.

பள்ளத்துக்கு நாம் கொடுக்கும் பெரிய விலை அழுத்தத்தில் இருக்கிறது. நம் எஞ்சினின் ஒரு சிலிண்டர் 272 கன சென்டிமீட்டர். அழுத்த விகிதம் எட்டுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிஞ்சும் இடம் 39 கன சென்டிமீட்டர். இரண்டு பள்ளங்களும் சேர்ந்து இரண்டு கன சென்டிமீட்டரைக் கூட்டினால் விகிதம் ஏறக்குறைய 7.7 ஆகக் குறையும். அக்காலத்து இந்தியப் பெட்ரோலில் ஆக்டேன் குறைவாயிருந்ததால் இதை யாரும் பெரிதாக எண்ணவில்லை. செம்பூருக்கு அப்பால் மாஹுலில் 1955 முதல் பர்மா-ஷெல் சுத்திகரிப்பு ஆலை எரிபொருள் வடித்துத் தந்தும், பத்மினி அதிக அழுத்தத்தைத் தாங்கும் ஜாதியாக வளர்க்கப்படவில்லை. இயற்கை வாயு வந்தபின் நிலைமை தலைகீழாயிற்று. 120-க்கு மேல் ஆக்டேன் உள்ள அந்த வாயு, பெட்ரோல் தாங்காத அழுத்தத்தையும் தட்டாமல் தாங்கும். அதன் முழுப் பயனையும் அடைய ஹெட்டைச் சுரண்டி விகிதத்தை உயர்த்தலாம் என்று கணக்கிடுகிறவன், சுரண்டிய ஒவ்வொரு கால் மில்லிமீட்டருக்கும் வால்வு நெருங்கி வருவதைக் காண்பான். நெருங்கியதற்காகப் பள்ளம் வெட்டினால், ஏற்றிய விகிதத்தில் ஒரு பங்கு அந்தப் பள்ளத்திலேயே போய்விடும்.

டீசல் எஞ்சினில் இந்தக் கணக்கு இன்னும் கண்டிப்பானது. பத்மினி டாக்ஸிகளில் பிற்காலத்தில் புகுந்த 1366 கன சென்டிமீட்டர் டீசல் எஞ்சினைப் போன்ற ஒன்றுக்கு அழுத்த விகிதம் இருபது என்று வைத்தால், ஒரு சிலிண்டரில் உச்சிக்கு மேல் மிஞ்சும் இடம் வெறும் 18 கன சென்டிமீட்டர். பெட்ரோல் எஞ்சினில் ஒரு கன சென்டிமீட்டர் பள்ளம் எட்டை 7.8 ஆக்கும்; டீசலில் அதே பள்ளம் இருபதைப் பத்தொன்பதாக்கிவிடும், குளிர்ந்த காலைகளில் வண்டி கிளம்புவதும் கடினமாகும். அங்கே ஹெட் தட்டை, வால்வுகள் செங்குத்து, பிஸ்டன் உச்சியில் ஹெட்டுக்கு ஒரு மில்லிமீட்டருக்குள் வந்து நிற்கும். ஆகையால் டீசல் வடிவமைப்பாளர்கள் உலோகத்தை வெட்டுவதற்குப் பதிலாக நேரத்தைத்தான் வெட்டுகிறார்கள்: இரண்டு வால்வுகளும் சேர்ந்து திறந்திருக்கும் டிகிரிகளைக் குறைத்து, வால்வின் முகத்தை ஹெட்டுக்குள்ளேயே சிறிது உள்வாங்கி வைத்து, பிஸ்டனில் பள்ளத்தை ஆழமற்ற அடையாளமாக மட்டும் விட்டுவைக்கிறார்கள்.

பத்மினி போன பிறகு மும்பைத் தெருக்களில் அதன் இடத்துக்கு வந்த சான்ட்ரோவும் வாகன்-ஆரும் ஹெட்டுக்குள்ளேயே கேம் தண்டைச் சுமப்பவை. அந்த வகையில் பல புதிய எஞ்சின்களில், ஓடும்போதே கேம் தண்டை எண்ணெய் அழுத்தத்தால் முன்னும் பின்னும் திருப்பும் ஏற்பாடும் சேர்ந்திருக்கிறது. திறக்கும் நேரம் என்பது நிலையான ஒன்றாக இல்லாமல், கம்ப்யூட்டர் கணந்தோறும் தீர்மானிப்பதாகிவிட்டது. அத்தகைய எஞ்சினுக்குப் பள்ளம் வடிப்பவர்கள், கேம் சாதாரணமாக நிற்கும் இடத்தைக் கணக்கிடுவதில்லை. திருப்பும் கருவி கெட்டு, கேம் அதன் கடைசி எல்லையில் போய் ஒட்டிக்கொண்டு, எஞ்சின் முழு வேகத்தில் சுழலும் நிலையை எடுத்துக்கொண்டு, அந்த டிகிரியில் வால்வு எங்கே இருக்கும் என்று பார்த்துத்தான் ஆழத்தை நிச்சயிக்கிறார்கள்.